முன்பல் இல்லாத ஆதித்தாய்

வெள்ளக்கடை, ஏற்காடு
12-6-2024

என் மகள் தனலட்சுமிக்கு அப்பா சென்றாயன் எழுதிக்கொண்டது.

ஆமாம், நானேதான். யாரையும் பிடித்து உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதியது இல்லை. இங்கே நான் சுகம். மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே முட்டி சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி குறை இல்லை. ஜெர்மனிக் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறது என்று எழுது.

சாயங்கால வகுப்பில் நான் பாஸ். ஆன்மேரி டீச்சர் உன்னைவிடச் சின்னவள். ள, ழ தப்பினால் என் காதைத் திருகாத குறைதான். எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதுகிற ரைட்டர் திட்டினால் எரியும், இவள் திட்டினால் இனிக்கிறது. ஒண்டிக்கடை பஜாரில் ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே நடந்து ஒரு ஸ்கூட்டர் மேல் இடித்துக்கொண்டேன். "கண்ணு தெரியலீங்களா பெருசு?" என்றான். "இப்பத்தான் சாமி தெரியுது" என்றேன்.

ஒரு கோபமான சேதியும் இருக்கிறது. பேங்குக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்னால் மைப்பெட்டியைத் தள்ளினான் உள்ளே இருந்தவன். பேனா கேட்டேன். "நேரமாகுதுங்க, விரலை வைங்க" என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, கத்திவிட்டேன். "இந்த விரல் ரிட்டேர் ஆயிடுச்சு" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். கோணல்தான், ஆனால் என் கோணல்.

இனிமேல் போன் வேண்டாம். போனில் நீ ம், ம் என்கிறாய், நானும் ம், ம் என்கிறேன். உன் அம்மா போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது, அதைப் பற்றி நாம் பேசினதில்லை. இப்போதும் வேண்டாம். எனக்கு வாசிக்கக் கடிதம் வேண்டும், அவ்வளவுதான். உன் வேலை என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். பாஷையைத் தோண்டுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானா?

இந்த ஒரு தாளுக்குக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

உன் அப்பா
சென்றாயன்


ஜெர்மனி
9-7-2024

அன்புள்ள அப்பாவுக்குத் தனம் எழுதுவது.

நலமாக இருக்கிறேன். கவரின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் டிராம் நிற்குமிடத்திலேயே பிரித்துப் படித்தேன். டிராம் போய்விட்டது. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

பாஷையைத் தோண்டுவது என்றது ரொம்பச் சரி. தமிழ், கன்னடம், தெலுங்கு, நடு இந்தியக் காடுகளில் பேசும் கோண்டி, பாகிஸ்தானில் பேசும் பிராகுயி எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பெற்ற தாய் எழுத்து வருவதற்கு முன்பே போய்விட்டாள். பிள்ளைகளின் ஜாடையை வைத்துத் தாயின் முகத்தை வரைகிறோம். நாம் செவி என்கிறோம், கன்னடத்தில் கிவி. இரண்டில் எது மூத்தது? 'கி' என்ற ஒலி நாக்கில் முன்னால் நழுவி 'சி' ஆவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. 'சி' திரும்பிப் போய் 'கி' ஆவது மிக அபூர்வம். ஆகவே தாய் 'க' போட்டுத்தான் சொல்லியிருப்பாள்.

ஆனால் அதை யாரும் காதால் கேட்டதில்லை. அதனால் இப்படிக் கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் ஒரு நட்சத்திரம் போடுவோம். இது கணக்கில் வந்தது, கேட்டது அல்ல என்று அர்த்தம். நட்சத்திரம் போடாமல் எழுதினால் எங்கள் தொழிலில் அது பொய்.

செப்டம்பரில் இங்கே ஒரு மியூசியத்தில் எங்கள் குழு ஓர் அறை திறக்கிறது. உள்ளே போனால் இருட்டாக இருக்கும். நாலைந்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தத் தாய்ப்பேச்சு காதில் விழும். "தீ அணைகிறது, விறகு கொண்டு வா." இவ்வளவுதான் சொல்லும். கேட்டால் உங்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

மழைக்குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

தனம்


வெள்ளக்கடை
20-8-2024

தனம் கண்ணுக்கு,

உன் அப்பன் திடமாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படிக்கச் சில மணி நேரம் ஆயிற்று, முழுக்கப் புரிய ஒரு வாரம். ஆன்மேரி டீச்சர் வகுப்பில் என்னையே எழுந்து நின்று படிக்கச் சொன்னாள். கிவி வந்த இடத்தில் எல்லாரும் அவரவர் காதைப் பிடித்துப் பார்த்தார்கள்.

எனக்கு உன் நட்சத்திரம் நொம்பப் பிடித்துவிட்டது. இந்த மலையில் பாதிப் பேர் பேச்சுக்கு நட்சத்திரம் போட வேண்டும். பாரேன்: *ஏசுராஜ் பக்கோடா பாயிண்ட் பக்கம் புலி பார்த்தான். *இந்த வருஷம் காபிக்கு நல்ல விலை வரும். *பஸ் இதோ வந்துவிடும். எழுத எழுதச் சிரிப்பு தாங்கவில்லை. நேர்மையான தொழில் கண்ணு உன் தொழில். தெரியாததைத் தெரியாது என்று நெற்றியிலேயே எழுதி வைக்கிறீர்கள். எஸ்டேட்டில் இப்படி ஒரு மேனேஜரை நான் பார்த்ததில்லை.

ஒரு சந்தேகம். அந்த இருட்டு அறையில் பேசுவது யார்? செத்துப்போன பாஷை தானாகப் பேசாது. யாராவது ஒருத்தர் வாயால் சொல்ல வேண்டுமே. யார் வாய் அது? வெள்ளைக்காரி வாயா? அவளுக்கு ழ வருமா?

மறக்காமல் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

சென்றாயன்


வெள்ளக்கடை
17-10-2024

தனலட்சுமிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைக் கேட்காதே. நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் போடவில்லை. இப்போது பதில் எனக்குத் தெரியும்.

நேற்று ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜீப் ஓட்டுகிற ஜெப்சன் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். "பெரீப்பா, தமிழோட ஆதித்தாய் பேசறாளாமா, ஜெர்மனில இருந்து வந்திருக்குதுங்க, நம்ம தனம் அக்கா வேலை பாக்கற எடமுங்களா பாருங்க" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரனைப் பாட்டை நிறுத்தச் சொன்னேன். எல்லாரையும் கிட்ட வரச் சொன்னேன். நானே கூப்பிட்டேன், தெரிகிறதா? நானே.

போன் பேசியது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் பேசுவதற்கு முன்னால் மூச்சை இழுத்தது பார், அது விளங்கியது. வார்த்தைக்கு நடுவில் பல் சந்தில் காற்று சீட்டியடித்தது பார், அதுவும் விளங்கியது.

ஜெப்சன் வெள்ளையாகச் சிரித்தான். "ஏனுங்க, இது நம்ம வீராயி பெரீம்மா மாதிரியே இருக்குதுங்க!" என்றான். இன்னொருத்தன், "ஆதித்தாய் வெள்ளக்கடைக்காரியா? அப்பப் பட்டா வாங்கிரலாம்டா" என்றான். கடையே சிரித்தது.

உன் அம்மாவின் முன்பல் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து போனது. நாலைந்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆதித்தாயும் எங்கள் எஸ்டேட் ஏணியிலிருந்துதான் விழுந்தாளா?

அவள் பேசவே இல்லாத பேச்சை அவள் வாயில் வைத்தது யார்? எழுது. ஒளிக்காமல் எழுது.

சென்றாயன்


ஜெர்மனி
14-11-2024

அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்துக்குப் பிறகு நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆமாம், அம்மாவின் குரல்தான். சொல்லியிருக்க வேண்டும். திறப்பு விழா முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

2020 ஜனவரியில் நான் வந்தபோது காபி காயவைக்கிற களத்தில் அம்மாவை உட்கார வைத்துப் பதிவு செய்தேனே, நினைவிருக்கிறதா? கண், கல், தீ, நீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். "இதெல்லாம் உனக்கே தெரியுமே, என்னைய எதுக்குக் கேக்கற? படிச்சதெல்லாம் மறந்துபோச்சா?" என்றார். அந்தப் பதிவிலிருந்து கம்ப்யூட்டர் அவர் குரலைக் கற்றுக்கொண்டது. பிறகு நாம் எதைத் தட்டினாலும் அந்தக் குரலில் சொல்லும். வேறு பலரின் குரலையும் போட்டுப் பார்த்தோம். கேட்டவர்கள் எல்லாரும் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவர்களாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

திருடவில்லை அப்பா. அம்மா சம்மதத் தாளில் ரேகை வைத்திருக்கிறார். ஆராய்ச்சிக்கும் காட்சிக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று அம்மாவைக் கேட்கிறார்கள். மூட்டை தூக்கியே தோள் தேய்ந்தவர் குரலுக்கு ஊரே அமைதியாக நிற்கிறது. இதில் உங்களுக்கு என்ன அவமானம்? டீக்கடையில் நாலு பேர் சிரித்ததா?

அவர் எனக்கும் அம்மா.

தனம்


வெள்ளக்கடை
10-12-2024

தனலட்சுமிக்கு,

சுகமெல்லாம் அப்புறம். காபிப் பழம் பறிக்கிற காலம், எல்லா ஊட்டிலும் ஆள் வேலைக்குப் போய்விட்டார்கள். நிம்மதியாக உட்கார்ந்து கோபப்படுகிறேன்.

டீக்கடையில் சிரித்ததில் அவமானம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அது ஒரு நாளில் ஆறிவிட்டது. ஆறாதது வேறே.

ரேகை என்கிறாய். எனக்கா ரேகையைப் பற்றிச் சொல்கிறாய்? அறுபது வருஷம் வைத்தவன் நான். எதிரில் இருப்பவன் தாளைத் திருப்புவான், காட்டுகிற இடத்தில் வைப்போம், விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு வெளியே வருவோம். ரேகைக்குச் சம்மதம் என்று எவன் அர்த்தம் சொன்னான்? சீக்கிரம் என்னை விடு என்பதுதான் அதன் அர்த்தம். அதிலும் உன் அம்மா உனக்கு வைத்த ரேகை! மகள் சோறு வேண்டாம் என்று தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், வைத்தால்தான் சாப்பிட வருவாள். வைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ வாசித்துக் காட்டினாயா? "பாடத்துக்கும்மா" என்று மட்டும் சொன்னாய்.

நீ செவிக்குச் சொன்ன கணக்கை நான் ஒப்புக்கொள்கிறேன். கிவிதான் மூத்தது, சரி. உன் பாஷை மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காத வார்த்தைக்கு முன்னால் நட்சத்திரம் போடாவிட்டால் பொய் என்று நீதான் எழுதினாய். அந்த வார்த்தைகளுக்கெல்லாம் போட்டிருப்பாய். வீராயி அதைப் பேசியதே இல்லை, கணக்குப் போட்டுப் பேச வைத்தீர்கள். அவளுக்கு நட்சத்திரம் எங்கே போட்டாய்? அந்த இருட்டு அறையில் எந்தச் சுவரில்?

அவளை அங்கிருந்து எடு. விறகு கொண்டு வா, விறகு கொண்டு வா என்று நாள் பூராவும் கத்துகிறாளாமே. உயிரோடு இருந்தபோது தூக்கிய விறகு போதாதா?

சென்றாயன்


ஜெர்மனி
20-1-2025

அப்பாவுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் தனியாக இருந்திருப்பீர்கள். நானும்தான்.

எடுக்க முடியாது. மூன்று வருஷ வேலை அது, என்னுடையது மட்டும் இல்லை. குரலை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். என் வேலைக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம். இந்த அறையைக் காட்டித்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம் கேட்க வேண்டும். நட்சத்திரம் பற்றி நீங்கள் எழுதியதை என் மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்தக் குரல் பிடிக்காமல் போனது அது உங்களுக்குப் புரியாத பாஷையைப் பேசியதால் என்று நினைக்கிறேன். ஆகவே வேறு ஒன்று செய்திருக்கிறேன். தமிழில். நம் ஊட்டுத் தமிழில். ஜெப்சன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் வாழ்நாளில் நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்காத ஒன்று அதில் இருக்கிறது. பல நாள் யோசித்துத்தான் அதை எழுதினேன். என் பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டு எழுதுங்கள். கோபம் தீர்ந்ததா என்று எழுதுங்கள்.

தனம்


வெள்ளக்கடை
16-2-2025

தனலட்சுமிக்கு,

கேட்டேன்.

ஜெப்சன் ஜீப்பிலேயே உட்கார வைத்துப் போட்டான். "சென்றாயன், ஏனுங்க சென்றாயன், கோவிச்சுக்காதீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்." ஜெப்சன் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டான். அவனுக்கே தெரிந்திருக்கிறது. கிறிஸ்துவப் பையன், அவனுக்குத் தெரிந்தது நான் பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று நான் சொல்வதும் தப்பு. நீ தெரிந்தேதான் செய்தாய். பரிசு என்கிறாய்.

கழுத்தில் தாலி ஏறினதிலிருந்து அவள் என் பேரைச் சொன்னதில்லை. பயமா? என்னைக் கண்டா பயந்தாள்? எருமை என்றாள், மரமண்டை என்றாள், உங்கப்பன் வளர்த்த லட்சணம் என்றாள். பேரை மட்டும் சொல்ல மாட்டாள். சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸம்மா புருஷன் பேர் கேட்டாள். நான் வெளியே மருந்துக்கு நின்றேன். "அதியமான்கோட்டைக் கோயில் சாமி பேருங்க" என்றாளாம். அந்தச் சாமி சென்றாயப் பெருமாள். நர்ஸம்மா பெருமாள் என்று எழுதிவிட்டாள். அங்கே இருந்தவரை எல்லாரும் என்னைப் பெருமாள், பெருமாள் என்று கூப்பிட்டார்கள். இவள் போர்வைக்குள் சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். அப்போதும் திருத்தவில்லை. திருத்தினால் சொல்ல வேண்டுமே.

இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். ஆன்மேரி டீச்சர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீராயி சொல்லவில்லை. அவளிடம் நகை இல்லை, நிலம் இல்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒரு பேர் இருந்தது. அதையும் அவள் செத்த பிறகு வாயைத் திறந்து எடுத்துவிட்டாய்.

நான் ஏங்கினேன் என்று நினைத்தாயா? எனக்கு அது ஒரு நாளும் குறையாக இருந்ததில்லை. அவள் எழுந்து ஒரு பக்கம் திரும்பி "ஏனுங்க" என்றால், இந்த மலையில் இருக்கிற அத்தனை புருஷன்களில் நான் மட்டும் திரும்புவேன். அது போதும்.

இனி உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறேன்.

சென்றாயன்


வெள்ளக்கடை, ஏற்காடு, சேலம் மாவட்டம், இந்தியா
16-2-2025

மியூசியத்துப் பெரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் இறந்துபோன வீராயியின் புருஷன். என் பேர் சென்றாயன். டீச்சர் இங்கிலீஷில் எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். என் மகள் அங்கே இருக்கிறாள், அவள் உங்களுக்குப் படித்துச் சொல்வாள்.

உங்கள் இருட்டு அறையில் பேசுவது என் பெண்சாதி. அவள் ஆதித்தாய் இல்லை. கூலிக்கு மிளகு பறித்தவள். உங்களிடம் இருக்கிற தாளில் அவள் ரேகை இருக்கும். அந்தத் தாளை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. வாசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாதபோது விட்டுவிடுவதுதான் மரியாதை.

உங்கள் ஊரில் செத்தவர்களின் படத்தைக் கேட்காமல் கடையில் மாட்டினால் கோபம் வருமா, வராதா? குரல் படத்தைவிடக் கிட்டத்தில் இருப்பது.

அவளை வெளியே விடுங்கள். வேறு யாராவது உயிரோடு இருப்பவரைக் கூப்பிட்டு, விவரம் சொல்லி, அவர் சம்மதித்தால் பேச வையுங்கள். பாஷை நல்ல பாஷை. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்படிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பது,
பெ. சென்றாயன்


ஜெர்மனி
10-4-2025

அப்பாவுக்கு,

உங்கள் உடம்பைப் பற்றி ஜெப்சனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நேராகக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

நீங்கள் மியூசியத்துக்கு எழுதிய கடிதம் வந்தது. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெரிய மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். என்னை நிற்க வைத்து, வாய்விட்டுப் படித்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். என் அப்பா என்னைப் பற்றி எழுதிய புகாரை நானே சொன்னேன். ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. "யாரும் வாசித்துக் காட்டவில்லை" என்ற இடத்தில் என் மேலதிகாரி, "அந்த யாரும் என்பது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த அறையில் ஒரு மாணவி பேசுகிறாள். அவளிடம் எல்லாம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என் ஒப்பந்தம் ஆகஸ்ட் வரை. அதற்கு மேல் இல்லை. உங்களுக்கு வெற்றி.

நீங்கள் கேட்டது சரி என்று என் மூளைக்குத் தெரிகிறது. ஆனாலும் உங்கள் மேல் எனக்கு அடக்க முடியாத கோபம். என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். சபையில் நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒளிக்காமல் எழுது என்றீர்கள், எழுதுகிறேன். என் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். மியூசியத்துக்கு அது தெரியாது. ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வரி தட்டுவேன். "வந்துட்டியா கண்ணு, சாப்புடு" என்று சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்த அறை வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான். அப்போது விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், பிணத்தைப் பார்க்க வந்தால் திரும்பி இங்கே நுழைய விடும் விசா தாள் கிடைக்கவில்லை. கருமாதிக்கும் கிடைக்கவில்லை. உங்களுக்குச் சாம்பலாவது கிடைத்தது. எனக்கு இதுதான்.

இதையும் அழி என்பீர்களா? சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அழித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத மாட்டேன்.

தனலட்சுமி


வெள்ளக்கடை
2-6-2025

தனம்,

பதில் தாமதம். சேர்வராயன் கோயில் திருவிழாவெல்லாம் முடிந்து கூட்டம் இறங்கிவிட்டது. பலமுறை எழுதிக் கிழித்தேன். வார்த்தை தெரியாமல் இல்லை, இப்போது எனக்கு எல்லா வார்த்தையும் எழுதத் தெரியும். அதுதான் கஷ்டம்.

விசா தாள் கருமாதி வரைக்கும் வரவில்லை, சரி. அதற்கப்புறம் வந்ததல்லவா? நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. உன் அம்மா எப்படிப் போனாள் என்று நீ கேட்கவில்லை. நீ கேட்டால் சொல்ல வேண்டி வரும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இனி மூட மாட்டேன். எனக்கும் உன் மேல் கோபம் தீரவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னோடு பேச வேண்டும் என்றாள். ஜெப்சன் போனில் போட்டுக் கொடுத்தோம். நீ துண்டித்தாய். மறுபடி போட்டோம். மீட்டிங் என்று எழுத்து வந்தது என்று ஜெப்சன் படித்துச் சொன்னான். அடுத்த நாளும் அப்படித்தான். போனை அவள் கையிலிருந்து வாங்க முடியவில்லை. பிறகு அவளே என் மடியில் வீசினாள். அப்புறம் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் என்னுடையது இல்லை.

"ஏனுங்க, உங்க மவளுக்கு என்ற கொரலக் கேக்கறக்கு நேரமில்லீங்களாமா? பத்து வயசுல ஆஸ்டலுக்குப் போனவ, இன்னும் ஊட்டுக்கு வந்து சேரல. வரட்டும். வாசப்படி ஏற உடமாட்டேன். வெளியவே நிக்கட்டும். கால் கடுக்கட்டும். அப்பத் தெரியும்."

இதுதான் அவள் உனக்குச் சொன்னது. இது அவள் கடைசிப் பேச்சும் இல்லை. கடைசியில் டீயில் சர்க்கரை போடவில்லை என்று நர்ஸம்மாவைத் திட்டினாள். அப்புறம் தூங்கினாள்.

உனக்கு இதைச் சொல்லாமல் இருந்தது இரக்கத்தால். இப்போது சொல்வது கோபத்தால். உன் கம்ப்யூட்டர் நாள்தோறும் "வந்துட்டியா கண்ணு, சாப்புடு" என்கிறது. ஒரு நாளாவது திட்டியதா? போனை ஏண்டி எடுக்கல என்று கேட்டதா? நீ எழுதிக் கொடுத்ததைத்தானே சொல்கிறது. அவள் நீ எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறவளா? உன்னை அடிக்காத நாள் உண்டா?

அழி என்று நான் சொல்ல மாட்டேன். வைத்துக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். மியூசியம் ஊர்ப் பொது இடம், அங்கே கேட்க எனக்கு உரிமை இருந்தது. உன் அறைக்குள் இருப்பது உன் பாடு. நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். கை பழகிவிட்டது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஜெர்மனி
30-6-2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனைத் துண்டித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நினைவிருக்கிறது. அதனால்தான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா சொன்னதாக நீங்கள் எழுதியதை அப்படியே தட்டிப் போட்டுக் கேட்டேன். அது நிறுத்தி நிறுத்தி, இனிப்பாகப் படித்தது. மூச்சு சரியாக இருந்தது, பல் சந்துக் காற்றுகூடச் சரியாக இருந்தது. "வாசப்படி ஏற உடமாட்டேன்" என்பதை, உள்ளே வா, இலை போட்டாயிற்று என்பது போலச் சொன்னது. இன்னொரு தடவை போட்டேன். அப்படியேதான் சொன்னது.

அழித்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

உங்கள் மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. அதை இங்கிருந்து எழுதித் தீர்க்க முடியாது. ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் போட்டிருக்கிறேன். சேலத்தில் இறங்கி பஸ் ஏறி வருகிறேன். ஜெப்சனை அனுப்ப வேண்டாம்.

நான் வந்ததும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவராதீர்கள். தண்ணீர்ச் சொம்பு நீட்டாதீர்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொன்னாலும் உள்ளே வா என்று கூப்பிடாதீர்கள். மழையாக இருந்தாலும் சரி.

நான் வாசலில் நிற்கிறேன்.

தனம்